அக்கா பார்க்காத 'விக்ரம்'

பழைய படங்களைத் திரும்பிப் பார்க்கிற நம்ம வரிசையில இன்னைக்கு 'விக்ரம்'. 2022-ல லோகேஷ் கனகராஜ் எடுத்தது இல்ல. அதுக்கு 36 வருஷம் முன்னாடி, 1986 மே 29-ல வந்த முதல் விக்ரம்.

கமல்ஹாசனோட ராஜ்கமல் நிறுவனம் தயாரிச்சது. 'காக்கி சட்டை' எடுத்த ராஜசேகர் இயக்கம். கதை சுஜாதா, குமுதத்துல தொடராவும் வந்துச்சு. 'அக்னிபுத்ரா'ங்கிற ஏவுகணையைக் கடத்திடுறாங்க. மனைவியைப் பறிகொடுத்த உளவாளி விக்ரம், கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு பெண்ணோட சலாமியாங்கிற கற்பனை நாட்டுக்குப் போய் அதை மீட்கணும். வில்லன் சத்யராஜ். இளவரசியா டிம்பிள் கபாடியா.

சுஜாதா அப்ப பெங்களூர்ல பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினீயர். இந்தியாவோட நிஜமான 'அக்னி' ஏவுகணை முதல்முறையா பறந்தது 1989 மே மாசம். கதையில அந்தப் பேரு மூணு வருஷம் முந்தியே வந்துடுச்சு.

முதல் பாதி விறுவிறுன்னு போகும். சலாமியா போனதும் காதலும் காமெடியும் புகுந்து கதை தளர்ந்துடும். எதிர்பார்த்த அளவுக்குப் படம் ஓடல. ஆனா பாட்டு நின்னுடுச்சு. கமலே பாடின டைட்டில் பாட்டுல சின்தசைசர் ஒலியை வெச்சே ஒரு இயந்திர யுகத்தைக் காதுக்குள்ள கொண்டுவந்துட்டார் இளையராஜா. படம் காட்ட நினைச்ச நவீனம், திரையைவிட இசையிலதான் சரியா வந்திருக்குன்னு நான் சொல்லுவேன்.

இனி எங்க ஊருக்கு வர்றேன். விருதுநகர் பக்கம் சூலக்கரை. 1986-ல எனக்கு ஒன்பது வயசு, அக்காவுக்குப் பன்னிரண்டு. அக்கா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கிட்டிருந்தா. எங்க பக்கம் ஃபேக்டரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆபீஸ்தான். விடியுறதுக்கு முன்னாடியே ஆபீஸ் பஸ் வந்துடும். அரைத்தூக்கத்துல அம்மா ஏத்தி விடுவாங்க. கட்டை அடுக்குற வேலை. எத்தனை கட்டையோ அதுக்குத்தான் கூலி.

அந்த பஸ்ல டிரைவர் கேசட் போடுவார். விக்ரம் பாட்டு வந்தா எல்லா பிள்ளைகளும் முழிச்சுக்கும்னு அக்கா சொல்லுவா. வேலை நேரத்துலயும் அந்தத் தாளம் அவ மனசுக்குள்ள ஓடுமாம், அதுக்குத் தக்கன கை ஓடுமாம். நான் மாமாவோட விருதுநகர் போய் படம் பார்த்துட்டேன். அக்கா பார்க்கல. ஒருநாள் லீவு போட்டா ஒருநாள் கூலி போச்சே!

தியேட்டருக்கு வர முடியாதவங்களையும் தேடிப் போனது கேசட்தான். பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தா ரெக்கார்டிங் சென்டர்ல பதிஞ்சு தருவாங்க. அப்புறம் டீக்கடை, கல்யாண வீடு, ஆபீஸ் பஸ். எண்பதுகளோட சினிமா இசை வரலாற்றை எழுதும்போது இந்த இடங்களையும் சேர்த்து எழுதணும்.

அதே 1986 டிசம்பர்லதான் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. தீப்பெட்டி, பட்டாசு வேலைக்கு 14 வயசு நிரம்பாத பிள்ளைகளை வைக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. ஆனா குடும்பத்தோட சேர்ந்து வீட்டுல செய்யிற வேலைக்கு விலக்கு இருந்துச்சு. அதனால பெட்டி ஒட்டுற வேலை திண்ணைகள்ல தொடர்ந்துச்சு. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி.மேத்தா போட்ட வழக்குல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996 டிசம்பர் 10. சட்டத்தை மீறி வேலைக்கு வெச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு சொன்னாங்க. அப்ப அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்துச்சு.

2022-ல புது விக்ரம் வந்தப்ப, பழைய படத்தை என் போன்ல அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டு வந்ததும் அவ விரல் தானா ஆட ஆரம்பிச்சுடுச்சு. கடைசிவரைக்கும் பார்த்துட்டுச் சொன்னா: "ராக்கெட்டக் கடத்துனவன், மீட்டவன் எல்லாத்தையும் காட்டுறாங்க. அதச் செஞ்சவங்கள ஒருத்தரையும் சரியா காட்டலியே தம்பி?"

எத்தனையோ தடவை இந்தப் படத்தைப் பார்த்திருக்கேன். எனக்குத் தோணாத கேள்வி அது.