தக்காளி மேல ஒரு கமா

ராயக்கோட்டையில இருந்து வந்த ஒரு வாய்ஸ் மெசேஜுக்கு பதில்தான் இந்த எபிசோடு. ஓசூர் சிப்காட்டுல ஒரு வேலைக்காக மெயில் எழுதின ஒரு தங்கச்சி, அதை அனுப்பாம ரெண்டு நாள் டிராஃப்ட்லயே வச்சிருந்தாங்களாம். காரணம் 'இட்ஸ்'ங்கிற ஒரே ஒரு வார்த்தை. எழுத்துக்கு மேல அந்தச் சின்ன கமா, அதாவது அப்பாஸ்ட்ரஃபி, வருமா வராதா? "தப்பா போட்டா, இவளுக்கு ஒண்ணும் தெரியலன்னு நினைச்சிடுவாங்களேண்ணா"ன்னு கேட்டிருந்தாங்க.

விதியை முதல்லயே சொல்லிடுறேன், மெயில் காத்திருக்கு. அந்த இடத்துல 'இட் ஈஸ்' அல்லது 'இட் ஹாஸ்'னு விரிச்சு படிச்சுப் பாருங்க. பொருந்தினா கமா உண்டு. 'அதனுடைய'ன்னு அர்த்தம் வந்தா கமா கிடையாது. 'ஹிஸ்', 'ஹெர்ஸ்' இதுக்கெல்லாம் மேல கமா போடுறோமா? இதுவும் அந்தக் குடும்பம்தான். 'யுவர்', 'யூ ஆர்' குழப்பத்துக்கும் இதே மாதிரி விரிச்சுப் பார்த்தா போதும்.

விதி அவ்வளவுதான். ஆனா அந்த பயத்துக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. அதுல ராயக்கோட்டையும் வருது.

1791ல, மூன்றாம் மைசூர் போர்ல, மேஜர் கௌடி தலைமையில வந்த கம்பெனிப் படை ராயக்கோட்டை மலைக்கோட்டையைத் திப்பு சுல்தான் ஆட்களிடமிருந்து பிடிச்சுது. அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில பாராமகால் பகுதி முழுக்க கம்பெனிக்குப் போச்சு. அந்த 1792லயே தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்னு ரெண்டு ஓவியர்கள், சித்தப்பாவும் அண்ணன் மகனும், மெட்ராஸ்ல இருந்து கிளம்பி கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, ஓசூர் வழியா பெங்களூர் பக்கம் போனாங்க. வழியில பார்த்த மலைக்கோட்டைகளை வரைஞ்சு, பிறகு லண்டன்ல 'ஓரியண்டல் சீனரி'ங்கிற பெரிய படத்தொகுப்புல அச்சிட்டாங்க. அதுல நம்ம ராயக்கோட்டையும் ஒரு படம்.

படத்தோட தலைப்பைப் பாருங்க. ஊர் பேர் 'ரையகோட்டா' மாதிரி ஆயிடுச்சு, அது போகட்டும். 'பாராமகால்'ங்கிற பேர்ல 'ஹெச்'சுக்கும் 'எல்'லுக்கும் நடுவுல ஒரு அப்பாஸ்ட்ரஃபி! 'மகால்' 'மஹ்ல்' ஆகி, விட்டுப்போன 'ஏ' எழுத்துக்கு மேல ஒரு கமா.

இன்னைக்கு ஒரு பொண்ணு இப்படி எழுதினா சிவப்புக் கோடு விழும். ஆனா அந்தக் குறியோட அசல் வேலையே அதுதான். பிரெஞ்சு அச்சுக்காரங்க பழக்கத்தைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டுல ஆங்கிலம் எடுத்துக்கிட்ட குறி இது. 'இங்க ஒரு எழுத்தை முழுங்கிட்டோம்'னு சொல்றது மட்டும்தான் அதோட பொறுப்பு. உடைமையைக் காட்டுற வேலை பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு. அதுக்கும் காரணம் முழுங்குறதுதான். பழைய ஆங்கிலத்துல பல பெயர்ச்சொற்களுக்கு 'ஈ-எஸ்' சேர்த்தா 'உடைய'ன்னு அர்த்தம். காலப்போக்குல 'ஈ' உதிர்ந்துச்சு, அந்த ஓட்டையில கமா உட்கார்ந்துச்சு. அதைப் புரிஞ்சுக்காம, 'ஹிஸ்' சுருங்கித்தான் இப்படி ஆச்சுன்னு படிச்ச வெள்ளைக்காரங்களே ரொம்ப காலம் நம்பிக்கிட்டு இருந்தாங்க.

அப்போ 'இட்ஸ்'? அந்த வார்த்தையே புதுசு. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிளோட முதல் அச்சுல அது கிடையாது, பெரும்பாலும் 'ஹிஸ்'தான் அந்த வேலையைச் செய்யும். பிறகு 'இட்ஸ்' வந்தப்போ, உடைமைப் பொருள்லயே கமா போட்டு எழுதினவங்க ஏராளம். சாட்சி வேணுமா? 1787ல கையால எழுதின அமெரிக்க அரசியல் சட்டம். முதல் பிரிவுல, மாநிலங்களோட சரக்குப் பரிசோதனைச் சட்டங்களைப் பத்திச் சொல்ற இடத்துல, 'அதனுடைய'ங்கிற அர்த்தத்துல, கமாவோட 'இட்ஸ்' இருக்கு. இன்னும் அப்படியேதான் இருக்கு.

ஒரு சின்ன கிளைக்கதை. 1781ல யார்க்டவுன்ல அந்த அமெரிக்கர்கள்கிட்ட சரணடைஞ்ச படையோட தளபதி காரன்வாலிஸ். அவரேதான் பத்து வருஷம் கழிச்சு, கவர்னர் ஜெனரலா நம்ம பக்கம் மைசூர் போரை நடத்தினவர். அங்க விட்டதை இங்க பிடிச்சாருன்னு வச்சுக்கலாம்.

சரி, தக்காளிக்கு வர்றேன். ராயக்கோட்டைன்னா தக்காளி மண்டி, சொல்லவே வேண்டாம். இங்கிலாந்துல, பன்மைக்குப் போய் கமா போடுற தப்புக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க: காய்கறிக்கடைக்காரர் அப்பாஸ்ட்ரஃபி. கடைப் பலகையில 'டொமேட்டோ'வுக்குப் பக்கத்துல ஒரு கமா, ஒரு 'எஸ்'. பார்த்துப் பார்த்து சிரிப்பாங்க. ஆனா 17, 18ஆம் நூற்றாண்டு அச்சுப் புத்தகங்கள்ல, உயிரெழுத்துல முடியுற வெளிநாட்டு வார்த்தைகளுக்கு இப்படித்தான் பன்மை போட்டாங்க. 'ஓபரா', 'ஃபோலியோ', ஏன் 'கமா'ங்கிற வார்த்தைக்கே கமா போட்டுத்தான் பன்மை! 'டொமேட்டோ'வும் மெக்சிகோவோட நாவாட்டில் மொழியில இருந்து ஸ்பானிஷ் வழியா வந்த வெளிநாட்டு வார்த்தைதான். புத்தகம் போட்டவன் செஞ்சப்போ அது நடை, காய்கறி வித்தவன் செஞ்சப்போ தப்பு. பேரை யாருக்கு வச்சாங்கன்னு கவனிங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர் ஜெராக்ஸ் கடை போர்டு. 'ஸ்டேஷனரி'. கடைசி மூணு எழுத்து 'ஏ-ஆர்-ஒய்'னு இருந்தா அசையாம நிக்கிறதுன்னு அர்த்தம், 'ஈ-ஆர்-ஒய்'னா பேனா, பேப்பர். 'என்வலப்'புக்கு முதல் எழுத்து 'ஈ', அதை வச்சு ஞாபகம் வச்சுக்கலாம். ஆனா ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். ஊர் ஊரா சுத்தி விக்காம, ஒரே இடத்துல நிலையா கடை போட்டு புத்தகம் வித்தவர்தான் 'ஸ்டேஷனர்'. லண்டன்ல அவங்க சங்கம் 1403லயே இருந்துச்சு. எனக்கு என்னமோ 'ஏ' போட்ட போர்டைப் பார்த்தா சிரிப்பு வர்றதில்லை. கடை அங்கதானே நிக்குது!

இதெல்லாம் கேட்டுட்டு, 'அப்போ எப்படி வேணா எழுதலாம்'னு எடுத்துக்காதீங்க. 18, 19ஆம் நூற்றாண்டுல அச்சுக்காரங்களும் இலக்கணப் புத்தகக்காரங்களும் சேர்ந்து இந்த விதிகளை இறுக்கிட்டாங்க. உங்க மெயிலைப் படிக்கிற எச்.ஆர். அந்த விதியோடதான் உட்கார்ந்திருக்கார். அதனால சரியாவே எழுதுங்க. ஆனா ரெண்டு நாள் தூங்காம இருக்குற அளவுக்கு அதுல புனிதம் ஒண்ணும் இல்லை.

நம்ம பேர்களையே இன்னும் முடிவு பண்ணி முடிக்கல. 2020 ஜூன்ல தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களோட ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு மாத்தி ஆணை வெளியிட்டுச்சு. எந்த உயிருக்கு எத்தனை 'ஓ', எத்தனை 'டி'ன்னு அவ்வளவு சண்டை. சில நாள்லயே ஆணையை வாபஸ் வாங்கிட்டாங்க. ஓசூருக்கு ஆங்கிலத்துல முன்னாடி நிக்குற 'ஹெச்' கன்னடத்துல இருந்து வந்தது. தமிழ்ல நாம அதைச் சொல்றதே இல்லை.

டேனியல்களோட படத்தைப் பார்க்கணும்னா இணையத்துல தேடுங்க. இன்னைக்கு நாம ஆங்கிலத்துல எழுதுற மாதிரி ராயக்கோட்டைன்னு அடிச்சா சிக்குறது கஷ்டம். ஆர், ஒய், ஏ, சி, ஓ, டி, டி, ஏ, இப்படி அடிங்க. மலை மேல கோட்டை நம்ம ஊர்தான்னு பார்த்ததும் தெரிஞ்சிடும்.