ஒலிக்கு வரிசை உண்டு, சைகைக்கு? சைகைமொழி ஒருங்குறியேறிய வரலாறு

இந்தியச் சைகைமொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட காணொளி அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. 2022 செப்டம்பரில் செயலி வடிவமும் பெற்றது. செயலியில் சொற்களை இந்தி அல்லது ஆங்கிலத்தின் வழியே தேடலாம் என அறிவிக்கப்பட்டது. திருப்பதியிலோ சித்தூரிலோ தெலுங்கெழுத்துக் கற்கும் காதுகேளாத மாணவர் ஒருவர், தாம் கண்ட சைகையின் பொருளை இத்தகைய அகராதியில் அறிய விரும்பினால், அப்பொருளுக்குரிய இந்திச் சொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் தெலுங்கும் தமிழும் நெடுங்காலமாகக் கலந்து வழங்குகின்றன. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் இணைந்தது பேச்சுமொழியை முன்னிட்டே. சைகைமொழிக்கு அவ்வெல்லை பொருந்தாது. 1970களின் இறுதியில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் முதலியோர் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களின் சைகைகளை ஒப்பிட்டனர். சொற்களில் வேறுபாடு இருப்பினும் இலக்கணம் பெரிதும் ஒன்றே என்பது அவர்கள் முடிவு.

சைகைக்கும் ஒலியன் போன்ற உறுப்புகள் உண்டு என்பதை 1960இல் வில்லியம் ஸ்டோக்கி நிறுவினார். கைவடிவம், இடம், அசைவு ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும் பொருள் மாறக்கூடும். நடன அசைவுகளைக் குறிக்க முறை வகுத்திருந்த வேலரி சட்டன், 1974இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் வேண்டுகோளை ஏற்று, அம்முறையிலிருந்து 'சைன்ரைட்டிங்' எழுத்துமுறையை உருவாக்கினார். 2015 ஜூனில் வெளியான ஒருங்குறி 8.0 பதிப்பில் அதன் 672 குறிகள் இடம்பெற்றன. அவற்றுள் 652 அடிப்படைக் குறிகள். எஞ்சிய 20, கையின் பக்கத்தையும் சுழற்சியையும் மாற்றிக் காட்டும் துணைக்குறிகள்.

எனினும் குறிகள் ஏறினவே அன்றி அவற்றின் அமைவு ஏறவில்லை. 'கொ' என்பதில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. ஆயினும் கணினி நினைவகத்தில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே பதிவாகிறது. தெலுங்கில் இரண்டாம் மெய் முதல் மெய்யின் கீழே எழுதப்பட்டாலும் பதிவு உச்சரிப்பு வரிசையிலேயே அமையும். ஒலிக்கு முன்பின் உண்டு. எழுத்தின் தோற்றத்தை விதியால் வருவித்துக்கொள்ளலாம். சைகையிலோ முகமும் கைகளும் ஒரே கணத்தில் இயங்குகின்றன. கை கன்னத்தருகே நிற்கிறதா, மார்பருகே நிற்கிறதா என்பதை எவ்விதியாலும் ஊகிக்க இயலாது. எழுத்தின் பரப்பில் குறி நிற்கும் இடமே அதனைச் சொல்கிறது. அவ்விட அமைவு இன்றியமையாதது என ஒருங்குறித் தரம் ஒப்புக்கொள்கிறது. ஆயினும் அது தன் எல்லைக்கு அப்பாற்பட்டது என விலக்கி வைக்கிறது. ஸ்டோக்கியின் கணக்கில் பார்த்தால், விடுபட்டது அலங்காரமன்று. மூன்று உறுப்புகளுள் ஒன்று. இக்குறையை நிரப்ப, ஒவ்வொரு குறியின் இடத்தையும் எண்களால் சுட்டும் வேறொரு பதிவுமுறையை ஸ்டீபன் ஸ்லெவின்ஸ்கி வகுத்துள்ளார்.

குறியேற்றம் மட்டும் ஓர் எழுத்துமுறையைப் பரப்பிவிடாது. இந்தியாவில் சைன்ரைட்டிங் பரவலாக வழங்கவில்லை. ஏற்பதா என்பதும் சைகையாளர் சமூகம் முடிவு செய்ய வேண்டியது. ஆயினும் பிரேசிலின் சைகைமொழி அகராதி 2001இலேயே இவ்வெழுத்தைக் கையாண்டிருக்கிறது. 10,000 சைகைகள் காணொளியாகத் திரண்டுள்ள இந்நிலையில், அவற்றைக் கைவடிவத்தாலும் இடத்தாலும் அசைவாலும் வரிசைப்படுத்தினால், அந்த மாணவர் தம் மொழியின் வழியாகவே அகராதிக்குள் நுழைய முடியும்.