கொள்ளிடக் கரையில் ஓர் இத்தாலியர் கோயில்

சூளூர்பேட்டையில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்குப் பழைய மாதா கோயில் என்றவுடன் பழவேற்காடே நினைவுக்கு வரும். நம் ஊருக்கு அருகே பரந்து கிடக்கும் உப்பேரியின் தென்முனையில் அவ்வூர் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அங்கு வந்து தங்கினர். அங்குள்ள மகிமை மாதா கோயிலின் தொடக்கத்தை 1515ஆம் ஆண்டு என்று கூறுவர். கடலோரத்தில் கப்பலோடு வந்த கோயில்கள் இத்தகையவை. ஆனால், கப்பலை விட்டிறங்கி உள்நாட்டுக்குள் நடந்து சென்ற ஒருவர் எழுப்பிய கோயிலின் கதை வேறு. அதனையே இன்று நாம் காண்போம்.

அவர் வீரமாமுனிவர். இயற்பெயர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. இத்தாலியின் வடபகுதியில், கார்தா ஏரிக்குத் தெற்கே உள்ள கஸ்திலியோனே என்னும் சிற்றூரில் 1680ஆம் ஆண்டு பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, 1711ஐ ஒட்டித் தமிழகம் வந்தார். ஏரிக்கரையை விட்டு வந்தவர் என்ற அளவில் நமக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நாம் ஏரிக்கரைக்கு வந்தவர்கள்!

அவர் இளமையில் கண்ட பங்குக் கோயில்கள் எத்தகையவை? அக்காலத்து இத்தாலியக் கோயிற்கலைக்கு வழிகாட்டியாக நின்றது உரோமை நகரில் 1568இல் தொடங்கி 1584இல் நேர்ந்தளிக்கப்பட்ட இயேசு கோயில். அதன் முகப்பு இரண்டு அடுக்காக உயர்ந்து, உச்சியில் முக்கோணமாக முடிகிறது. உள்ளே நுழைந்தால் பார்வையை மறைக்கும் தூண் வரிசை இல்லை. ஒரே அகன்ற மண்டபம், இருபுறமும் சிறு பீடங்களுக்கான அறைகள், எதிரே நடுப்பீடம். இவ்வமைப்புக்குக் காரணம் அழகு மட்டுமன்று. திரெந்து நகரில் 1545 முதல் 1563 வரை நடந்த திருச்சபைச் சங்கத்திற்குப் பின்னர், கூடியிருப்போர் அனைவரும் பீடத்தைக் காணவேண்டும், பிரசங்கம் எல்லோர் காதிலும் விழவேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆகவே அதனைக் கேட்பதற்காகக் கட்டப்பட்ட கட்டடம் என்றே நாம் சொல்லலாம்.

இத்தகைய கோயில்களைக் கண்டு பழகியவருக்கு மதுரை மறைத்தளத்தில் கிடைத்தவை என்ன? பெரும்பாலும் மண்சுவர், மேலே ஓலைக்கூரை. பொருள் வசதியும் குறைவு, படையெடுப்புகளும் ஓயவில்லை. கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர்ப் பாளையத்தைச் சேர்ந்த ஏலாக்குறிச்சியில் அவர் நிலைகொண்டார். தஞ்சை நாட்டில் இடர் நேர்ந்தபோதெல்லாம் கிறித்தவர்கள் ஆற்றைக் கடந்து இப்பக்கம் தஞ்சம் புகுந்தனர். அங்கு எழுந்த கோயிலின் தலைவிக்கு அடைக்கல மாதா என்பது பெயர். ஊருக்கும் திருக்காவலூர் என்று தமிழ்ப்பெயர் சூட்டினார் முனிவர். பாளையக்காரர் அரங்கப்ப மழவராயர் தம் நோய் தீர்ந்த நன்றிக்காகக் கோயிலுக்கு நிலம் அளித்தார் என்பது அவ்வூர் மரபு.

விருத்தாசலம் வட்டாரத்துக் கோணான்குப்பத்திலும் அவர் ஒரு கோயில் கண்டார். அங்குள்ள மாதா பெரியநாயகி. விருத்தாசலத்துச் சிவன் கோயிலில் அம்மனுக்கும் அதே பெயர் என்பதை அவ்வட்டாரத்தார் அறிவர். மாதாவின் திருவுருவம் தமிழ்ப்பெண்ணைப் போலச் சேலை அணிந்து நிற்கிறது. படம் எழுதி மணிலாவுக்கு அனுப்பி, அங்கே செதுக்கி வருவித்தார் என்று சொல்வார்கள். உரோமையின் சாயலில் ஒரு சிலையைப் பெற்றுவிடுவது அவருக்கு எளிதாகவே இருந்திருக்கும். அதை விடுத்துச் சேலையை அவர் தேர்ந்ததில்தான் அவருடைய கலையுள்ளம் விளங்குகிறது என்பது நம் எண்ணம்.

கட்டடங்கள் காலத்தால் பழுது பார்க்கப்பட்டும் விரிவாக்கப்பட்டும் வந்துள்ளன. இன்று அங்கே செல்பவர், இச்சுவர் முனிவர் கட்டியது, இவ்வளைவு இத்தாலியது என்று சுட்டித் தேடுவதில் பெரும்பயன் இல்லை. ஏலாக்குறிச்சியில் அவர் எழுப்பியவற்றுள் உறுதியானது சொல்லால் ஆனது. அம்மாதாவின்மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். மறை கற்பிக்கும் உபதேசியார்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார். சூசையப்பரை வளன் என்று தமிழாக்கி, மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 செய்யுள் கொண்ட தேம்பாவணியை இயற்றினார். 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் நாம் இன்று வேறுபடுத்தி எழுதும் முறைக்கும் அவரே காரணர். வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு 'எடு', 'ஏடு' என்று வேறுபடுத்திக் கற்பிக்கும்போது, அந்த இத்தாலியரின் கைவண்ணம் நம் வீட்டுப் பலகையில் விழுகிறது.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. கேட்பதற்காகக் கட்டப்பட்ட கோயிலில் வளர்ந்தவர், சொல்வது விளங்கவேண்டும் என்பதற்காகக் கேட்போரின் மொழியையே முதலில் கற்றார். உரோமையின் மண்டபத்தை இங்கே அவரால் கட்ட இயலவில்லை. அம்மண்டபம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதை ஓலைக்கூரையின்கீழ் நிறைவேற்றினார்.

1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரையில் அவருக்குச் சிலை நாட்டினார்கள். சூளூர்பேட்டையிலிருந்து இரயிலேறிச் சென்னை செல்லும் நம்மில் பலர் அச்சிலையைக் கடந்து சென்றிருப்போம். கோயில்களையும் காண விரும்புவோர் சென்னையிலிருந்து திருச்சி செல்லும் வண்டியில் ஏறினால், விருத்தாசலமும் அரியலூரும் அடுத்தடுத்து வழியிலேயே வருகின்றன. முன்னதில் இறங்கிக் கோணான்குப்பம் கண்டு, பின்னதிலிருந்து பேருந்தில் ஏலாக்குறிச்சி செல்லலாம்.