தகட்டில் விழுந்த துளைகள்

வரலாறு என்றதும் கல்வெட்டையும் செப்பேட்டையும் எண்ணிப் பழகியவர்கள் நாம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் ஒரு தகடுதான். ஆனால் அதில் எழுத்தில்லை, துளைகளே உள்ளன. 1954ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மொரிஸ் மைனர் வண்டியொன்றின் உடல் அது. என் தந்தையார் அதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். இப்பொழுது அது கட்டுகஸ்தோட்டையில், ஒரு டிங்கர் பாஸின் பட்டறையில், சாயமெல்லாம் சுரண்டப்பட்டு நிற்கின்றது.

கட்டுகஸ்தோட்டை, கண்டியிலிருந்து வடக்கே செல்லும் பெருவழி மகாவலியைக் கடக்கும் இடம். யாழ்ப்பாணம் நோக்கிய பாதையும், குருநாகல் வழியாகப் புத்தளம் செல்லும் பாதையும் இங்கேதான் பிரிகின்றன. இவ்வாறு பாதைகள் பிரியுமிடத்தில் பட்டறைகள் பெருகுவது வியப்பன்று.

மோட்டார் வண்டியின் உடல் தொடக்கத்தில் தச்சனின் வேலையாகவே இருந்தது. மரச் சட்டத்தின்மீது தகட்டை அடித்துப் பொருத்தினார்கள். 1914ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் எட்வர்ட் பட் என்பவரின் தொழிற்சாலை, டொட்ஜ் சகோதரர்களுக்காக முழுவதும் உருக்காலான உடல்களை அச்சில் அழுத்திச் செய்து கொடுத்தது. அம்முறை 1926இல் இங்கிலாந்தின் கவ்லிக்கு வந்தது. அங்கே பிறந்ததே மொரிஸ் மைனர். அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். உலகுக்குக் காட்டப்பட்ட ஆண்டு 1948. அவர் தம் மாதிரி வண்டி மிக ஒடுங்கியிருக்கக் கண்டு, அதனை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்தாராம். அகலம் கூடியது, அழகும் கூடியது. ஆயின் முன்பே செய்து குவித்திருந்த மோதுதாங்கிகள் குட்டையாகிவிட்டன. அவற்றையும் நடுவே வெட்டி, நான்கு அங்குலத் துண்டொன்றை இடையிற் சேர்த்து விற்றார்கள். ஒட்டுப் போடுதல் இவ்வண்டியின் பிறவிக் குணம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இலங்கையில் இவ்வண்டி வைத்தியரையும் ஆசிரியரையும் தோட்டத்து எழுதுவினைஞரையும் சுமந்தது. வாடகை வண்டியாகவும் உழைத்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றவே, மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இருக்கின்ற வண்டியைக் காப்பதன்றி வேறு வழியில்லை. கண்ணாடி உடைந்தால் வேறொரு வண்டியின் கண்ணாடி. விளக்கு போனால் லொறியின் விளக்கு. அவற்றின் ஆணிகள் பழைய துளைகளுக்குப் பொருந்துமா? புதிய துளைகளைக் குடைந்தார்கள். எங்கள் வண்டியில் நான் எண்ணியவை முப்பத்தொன்று. வானொலிக் கம்பிக்கு ஒன்று, கூரைச் சட்டத்துக்கு எட்டு, பக்கக் கண்ணாடிகளுக்கு மூன்று தலைமுறைத் துளைகள். மற்றவற்றின் காரணம் என் தந்தையாருக்கே தெரிந்திருக்குமோ, ஐயம்.

குளிர்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவும் நாடுகளில் இத்தகைய வண்டிகள் துருவேறி மாய்ந்தன. நமக்கு அந்த உப்பில்லை, கண்டிக்குக் கடற்காற்றுமில்லை. நமது பகை மழைநீரும், அதனை உள்ளே விடும் துளையும், அத்துளையை மூடிய அவசரமுமே. பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பட்டறையில் எங்கள் வண்டியின் பின்தகட்டுத் துளையொன்றைப் பத்திரிகைத் தாளால் அடைத்து, மேலே கட்டலோய் பசை பூசிச் சாயமடித்துத் தந்தனர். கண்ணாடிபோல் மின்னியது. சென்ற ஆண்டு அவ்விடத்தை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே சென்றது. அந்தத் தாள் நனைந்து கூழாகி, எம்மொழிப் பத்திரிகை என்பதும் அறியக்கூடவில்லை. அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பின்புறம் திறந்திருந்தால் நீர் அதனூடே சென்று, சாயத்தின் கீழே கண்ணுக்குத் தெரியாமல் தகட்டைத் தின்றுவிடும்.

பசை வருமுன் ஈயப் பற்றாசு இருந்தது. மூன்று பங்கு வெள்ளீயமும் ஏழு பங்கு காரீயமும் கலந்த அது, 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி, 250 பாகையை அண்மித்தே முற்றாக உருகும். இடைப்பட்ட வெப்பத்தில் களிபோல் நிற்கையில், கொழுப்புத் தடவிய மரக் கரண்டியால் தேய்த்துப் பரப்புவார்கள். அழகான வேலை, ஆனால் அதனை அராவும் தூள் நஞ்சு. பல ஆண்டுகள் அதனைச் சுவாசித்த கைவினைஞருக்கு அழகு என்ன பயன் தந்தது?

எங்கள் பாஸ் இவ்விரண்டையும் முதலில் நாடுவதில்லை. துளையின் இருபுறமும் சாயத்தைச் சுரண்டி, துருவேறிய விளிம்பை நல்ல தகடு தென்படும்வரை வெட்டி எடுக்கிறார். அதே தடிப்புள்ள தகட்டிலிருந்து துளைக்குச் சரியான வட்டம் வெட்டி, விளிம்போடு விளிம்பு பொருத்துகிறார். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் இடுக்கில் நீர் தங்கும். ஆணித் துளை போன்ற சிறியவற்றுக்கு வட்டமும் வேண்டியதில்லை. பின்னால் செப்புத் துண்டொன்றை அழுத்திப் பிடித்து, ஒரே பொட்டில் நிரப்புகிறார். செம்பு வெப்பத்தை விரைந்து வாங்கிக்கொள்ளும். உருகிய உருக்கு அதில் ஒட்டாது.

பெரிய துளையில் ஒரு பொட்டு இங்கே வைத்தால் அடுத்தது எதிர்ப்புறத்தில். இடையிடையே கைகட்டி நிற்கிறார். பொறுமையிழந்து நான் காரணம் கேட்டேன்.

"சூடான இடம் விரியப் பார்க்கும், சேர். சுற்றியிருக்கிற குளிர்ந்த தகடு விடாது. ஆறும்போது அந்த இடம் முன்பிருந்ததைவிடச் சுருங்கிப்போகும். அவசரப்பட்டால் கதவு முழுவதும் நெளிந்துவிடும்" என்றார்.

பின்னர் ஒட்டிய இடத்தை, உள்ளே இரும்புக் கட்டை கொடுத்து வெளியே சுத்தியலால் மெல்லத் தட்டி, சுருங்கியதை மீண்டும் விரிக்கிறார். அதன் பிறகே அராவுதல், உட்புறத் துருக்காப்பு, மேலே தாள் கனத்தில் சிறிது பசை. பசைமேல் எனக்கிருந்த கோபம் அப்போது தணிந்தது. குற்றம் பசையில் இல்லை.

இறுதியில் ஒரு பிணக்கு வந்தது. கதவுக்குப் பின்னுள்ள தூணில், இருபுறமும் ஒரு சாண் நீளமான பிளவு உண்டு. திரும்பும் திசை காட்ட, விளக்கேற்றிய சிறு கை அதிலிருந்து எழும்பும். 1961இல்தான் மைனர் வண்டிக்குத் தொழிற்சாலையிலேயே மின்னி விளக்குகள் வந்தன. எங்கள் வண்டியில் கைகள் எப்போதோ பழுதாகி, பின்வந்த மின்னிகளே வேலை செய்கின்றன. "வேண்டாத பிளவு, மூடிவிடுவோம்" என்றார் பாஸ். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நீர் புகும் வாயில் அது. ஆனால் மற்ற முப்பத்தொன்றும் பின்னாளில் வந்த அவசரத்தின் வடு. இதுவோ வண்டியோடு பிறந்தது. மூடினால், வண்டி எந்தக் காலத்துக்குரியது என்பதற்குரிய சான்றொன்று மறையும். பிறகு திறக்க எண்ணினாலும் பழைய விளிம்பு கிட்டாது.

1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், இவ்வண்டியின் உதிரிப் பாகங்களைச் செய்விக்க இலங்கையைத் தேர்ந்தார். 2020 மார்ச்சில் வண்டி இறக்குமதி மீண்டும் நின்று, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே திறந்தபோது, பழைய வண்டிகளின் மதிப்பு எவ்வளவு ஏறியது என்பதை நேயர்கள் அறிவீர்கள். பளபளப்பாக மூடிய வண்டிக்கு விலை கூடும் என்று நண்பர் பலர் எனக்கு அறிவுரை சொன்னார்கள்.

பாஸ் சிறிது யோசித்தார். பிளவின் அடியில் நீர் வடிய ஒரு சிறு குழாயை உள்ளே ஒட்டி, தூணின் கீழ்ப்புறமாக வெளியே விட்டார். அதற்காகத் தூணின் அடியில் ஒரு துளை குடைய வேண்டியிருந்தது. இப்போது எங்கள் வண்டியில் உள்ள புதிய துளைகள் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று.