சேந்தன் அமுதனுக்குக் கிடைக்காத கிரீடம்

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். தமிழ்ப் பத்திரிகைகளில் தொடர்கதைகள் செழிக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் சொந்த அபிப்பிராயம். குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ ஏறிக் கோட்டையில் இறங்கும் குமாஸ்தாவுக்கு, வாரத்தில் ஒரு நாள் ஓர் அத்தியாயத்தைப் படித்து முடிக்கவும், மற்ற நாட்களில் அதைப் பற்றி எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் வாதாடவும் அந்தப் பிரயாணம் அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது.

இத்தகைய வாசகர்களை நம்பித்தான் கல்கி 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கினார். மூன்றரை வருஷம் அது வாராவாரம் வந்தது. வீராண ஏரிக்கரையில் குதிரையேறி வந்த வந்தியத்தேவனோடு ஜனங்களும் கிளம்பினார்கள். (அந்த ஏரியின் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கு வருகிறது. வந்தியத்தேவன் இதை எதிர்பார்த்திருக்க மாட்டான்.) மணியம் வரைந்த சித்திரங்களிலிருந்து நந்தினியின் கொண்டையையும் குந்தவையின் பார்வையையும் வாசகர்கள் மனப்பாடம் செய்து கொண்டார்கள். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து, பெண்ணுக்குச் சீர் அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்பிய குடும்பங்கள் உண்டு.

இந்தக் கதையைப் படமாக்க எம்.ஜி.ஆர். 1958-ல் முயன்றார், நடக்கவில்லை. அதன் பிறகு பலர் ஆசைப்பட்டார்கள். கடைசியில் மணிரத்னம் எடுத்து, 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி முதல் பாகமும், 2023 ஏப்ரல் 28-ஆம் தேதி இரண்டாம் பாகமும் வெளியாயின. தாம்பரம் பக்கத்துத் தியேட்டர்களில், எத்தனையோ வருஷமாகச் சினிமாவுக்கே போகாதவர்களை நான் அன்று பார்த்தேன். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். முதல் பாகம் முடிந்து வெளியே வந்தபோது அவர்கள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. இரண்டாம் பாகத்துக்குப் பிறகு அந்த முகங்கள் வேறு மாதிரி இருந்தன.

முகப் பொருத்தம் பற்றிய குறைகளை நான் பெரிதாக நினைப்பதில்லை. 1939-ல் 'தியாகபூமி' விகடனில் தொடராக வந்தபோது, சித்திரங்களுக்குப் பதிலாகச் சினிமாவின் புகைப்படங்களையே போட்டார்கள். ஆகையால் சாவித்திரி என்றாலே எஸ்.டி. சுப்புலட்சுமியின் முகந்தான்; சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவன். சண்டைக்கே இடமில்லாமல் போயிற்று! மணியத்தின் சித்திரங்களோடு எழுபது வருஷம் பழகியவர்களுக்கு அந்த வசதி இல்லை. எந்த நடிகை வந்து நின்றாலும் அவர்களுக்கு ஒரு மாற்றுக் குறைவாகத்தான் தெரியும்.

மணிமேகலையை அடியோடு விட்டுவிட்டதும் வருத்தந்தான். ஆனால் ஐந்து பாகங்களை ஐந்தரை மணி நேரத்தில் அடக்குகிறவர் யாரையாவது இறக்கிவிட்டுத்தான் ஆகவேண்டும். மன்னிக்கலாம். உண்மையான காயம் வேறோர் இடத்தில் பட்டிருக்கிறது.

எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் இருக்கிறார். பாவாடை கட்டிய வயதில், தகப்பனார் ரயிலில் படித்துவிட்டுக் கொண்டுவரும் பத்திரிகைக்காக வாசலில் காத்திருந்து இந்தக் கதையைப் படித்தவர். "எல்லாம் சரி ஸார், அந்தப் பூமாலை கட்டும் பையனுக்குக் கிரீடத்தைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்களே!" என்றார். அவர் குரலில் நிஜமான துக்கம் இருந்தது.

நாவலில் மதுராந்தகன் என்று வளர்க்கப்பட்டவன் உண்மையான வாரிசு அல்ல. செம்பியன் மாதேவியின் சொந்தப் பிள்ளை, ஊமைத் தாயின் மகனாக வளர்ந்து கோயிலுக்குப் புஷ்பம் எடுத்துக் கொடுக்கும் சேந்தன் அமுதன். இராஜ்யமே வேண்டாம் என்கிற அவன் தலையில்தான் அருள்மொழிவர்மன் கிரீடத்தை வைக்கிறான். ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயரிட்டதே இதற்காகத்தான். படத்தில் இந்த ஆள்மாறாட்டமே கிடையாது. கிரீடத்துக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே அது கிடைக்கிறது.

அம்மாளிடம் நான் சரித்திரம் பேசினேன். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் என்ன சொல்கின்றன? ஜனங்கள் அருள்மொழியை அரசனாகும்படி வேண்டியபோது, சிற்றப்பனுக்கு அரசில் ஆசை இருக்கும் வரையில் தான் அதை விரும்பவில்லை என்று அவன் மறுத்துவிட்டான். ஆசைப்பட்டவன்தான் உத்தம சோழன் ஆனான். சேந்தன் அமுதன் கல்கியின் கற்பனை. அப்படிப் பார்த்தால், படம் செப்பேட்டுக்குச் சற்று அருகில் போயிருக்கிறது.

"செப்பேடு என்னோடு மூன்றரை வருஷம் இருக்கவில்லையே ஸார்!" என்றார் அம்மாள்.

எனக்குப் பதில் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கல்கி எதற்காக இந்த ஆள்மாறாட்டத்தைச் செய்தார் என்று யோசித்தேன். ஆதித்த கரிகாலன் கொலையுண்டது 970-ஆம் ஆண்டை ஒட்டி. கொலைகாரர்களான சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் ஆகியோரின் சொத்தைப் பறிமுதல் செய்ததைக் கூறும் உடையார்குடிக் கல்வெட்டு இராஜராஜனின் இரண்டாம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. நடுவில் சுமார் பதினைந்து வருஷம் ஆண்ட உத்தம சோழன் ஏன் அவர்களைத் தண்டிக்கவில்லை? அவனுக்கும் கொலையில் பங்கு உண்டோ என்று நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகப்பட்டார். மறுத்தவர்களும் உண்டு. சிவபக்தியில் தோய்ந்த செம்பியன் மாதேவியின் மகன்மேல் இப்படியொரு பழி! கல்கி அவனை இரண்டு ஆளாகப் பிரித்துவிட்டார். ஆசையும் சூழ்ச்சியும் ஒருவனுக்கு, சிங்காதனம் மற்றவனுக்கு. சரித்திரம் விட்டுவைத்த முடிச்சை அவிழ்க்க ஒரு நாவலாசிரியர் கண்ட வழி அது. படம் அந்த வழியை அடைத்துவிட்டது. வேறு வழி திறக்கவும் இல்லை. நேற்று வரை சூழ்ச்சி செய்தவன் இன்று முடிசூடி நிற்கிறான். அவனுக்கு விட்டுக்கொடுத்தது தியாகமா, அல்லது வீட்டுச் சண்டையைத் தீர்த்துக்கொண்டதா என்று பார்க்கிறவனுக்குப் புரிவதில்லை.

கல்கிக்கும் இந்தத் தொல்லை நேர்ந்ததுண்டு. 1954-ல் தொடர் முடிந்ததும், கதையைத் திடீரென்று நிறுத்திவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். அவர் ஒரு முடிவுரை எழுதி, இன்னின்னார் பின்னால் என்ன ஆனார்கள் என்று சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் கேட்டது இன்னும் கொஞ்சம் கதை. எங்கள் தெரு அம்மாள் கேட்பது, ஏற்கெனவே தம்மிடம் இருந்ததை.

படம் பார்த்த பிறகு அவருடைய பைண்டு புத்தகத்தை எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் இரவல் வாங்கிப் போயிருக்கிறாள். இரண்டாம் பாகம் வரை வந்துவிட்டாளாம். சேந்தன் அமுதனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று அம்மாள் எனக்குக் கண்டிப்பாக உத்தரவு போட்டிருக்கிறார்.