ஓரத்தில் ஒளிந்திருந்த வினையூக்கி

பிளாட்டினம் என்றதும் நகைக்கடைதான் நினைவுக்கு வரும். மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதற்கும் அதுவே தலைசிறந்த வினையூக்கி. விலையோ யானை விலை!

மலிவான மாற்று ஒன்று கண்ணெதிரிலேயே இருந்தது. அதுதான் மாலிப்டினம் டைசல்ஃபைடு. இது தாள்களை அடுக்கியது போன்ற படலங்களால் ஆனது; எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் கந்தகத்தை நீக்கப் பல காலமாகப் பயன்படுவது. ஆனால் 1977-இல் இதன் படிகத்தைச் சோதித்தபோது ஹைட்ரஜன் தயாரிக்க லாயக்கில்லை என்றே தெரிந்தது.

2005-இல் டென்மார்க்கில் நோர்ஸ்கோவ் குழுவினர் கணினியில் கணக்கிட்டார்கள். படலத்தின் ஓரத்து அணுக்கள், பிளாட்டினத்தைப் போலவே ஹைட்ரஜனை இறுக்கமாகவும் இல்லாமல், தளர்வாகவும் இல்லாமல் பிடிக்கின்றன என்று தெரிந்தது. 2007-இல் அங்கேயே ஒரு சோதனை நடந்தது. தங்கத்தின் மேல் வளர்த்த நானோ படலங்களில், ஓரத்தின் நீளம் கூடக்கூட வினைவேகமும் கூடியது. பரப்பளவுக்கு அதில் பங்கில்லை.

அதன்பின் ஓரங்களைப் பெருக்குவதே வழியானது. 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னும் ஒரு படி மேலே போனது. பரப்பிலிருந்து சில கந்தக அணுக்களை நீக்கி, படலத்தை இழுத்துப் பிடித்தபோது, சும்மா கிடந்த பரப்பும் வேலை செய்தது.

பிளாட்டினத்தின் இடத்தை இது இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் 1977-இல் தோற்றது பொருள் இல்லை, தேடிய இடம்தான்.