பருத்திக் காட்டுச் சங்கீதம்

பொள்ளாச்சியில் என் அண்ணன் வீட்டு மாடியில் சில மாதங்களாக ஒரே ரகளை. அண்ணன் மகனும் அவன் சிநேகிதர்கள் மூவரும் இரண்டு கிதார், ஒரு டிரம் சகிதமாக 'பாண்டு' ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். கோயமுத்தூரில் ஒரு கல்லூரி விழாவில் முதல் கச்சேரியும் ஆகிவிட்டது. கைதட்டலுக்குக் குறைவில்லை. பாடியதெல்லாம் ஆங்கிலம்.

"என்னப்பா பாட்டு இது?" என்றேன்.

"புளூஸுங்க சித்தப்பா. உங்களுக்குப் புரியாதுங்க."

புரியாது என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு ரோஷம் வந்துவிடும். தேடிப் படிக்கத் தொடங்கினேன். வேடிக்கையான சமாசாரம் ஒன்று அகப்பட்டது. பையன்கள் பாடிய பாட்டின் பூர்வீகம் பருத்திக் காடு. கொங்கு நாட்டுக்காரன் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

அமெரிக்காவின் தென் மாகாணங்களில் பருத்தி எடுத்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளும் அவர்கள் சந்ததியாரும். 1861-ல் அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றது. இந்தியப் பருத்திக்கு விலை மளமளவென்று ஏறியது. 1865-ல் யுத்தம் முடிந்தது. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவர்கள் பழைய எஜமானர்களின் நிலத்தையே வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கினார்கள். அந்தக் கடனிலும் களைப்பிலும் பிறந்ததுதான் புளூஸ். மன வருத்தத்தை நீல நிறமாகச் சொல்வது அவர்கள் வழக்கு.

பாட்டின் அமைப்பு எளியது. ஒரு வரி பாடுவார்கள். அதையே மறுபடி பாடுவார்கள். மூன்றாவது வரியில் பதில் வரும். 1903-ஐ ஒட்டி, மிஸிஸிப்பி மாகாணத்து டட்வைலர் ரயில் நிலையத்தில் காத்திருந்த டபிள்யூ. ஸி. ஹாண்டி என்ற வித்வான், கந்தலுடுத்த ஒருவன் கிதார்த் தந்திகளின்மேல் கத்தியை இழைத்து வாசித்ததைக் கேட்டுப் பிரமித்துப் போனார். நம் கோட்டு வாத்தியத்தில் கட்டையை இழைப்பார்களே, ஏறக்குறைய அந்த ரகம்.

பிறகு மின்சாரம் வந்தது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய மட்டி வாட்டர்ஸ் 1943-ல் சிகாகோவுக்குப் போனார். பட்டணத்து இரைச்சலில் வெறுங் கிதார் எடுபடவில்லை. மின்சாரக் கிதாரைக் கையில் எடுத்தார். ராக் சங்கீதத்துக்கு அதுவே ஒரு தாய்வேர். 1962-ல் லண்டனில் கிளம்பிய ரோலிங் ஸ்டோன்ஸ் குழு, தன் பெயரையே அவர் பாட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

நம் ஊர்க் கதையும் அதே தடத்தில்தான் போயிருக்கிறது. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கோவையில் பஞ்சாலை வைத்தார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. காட்டில் வேலை செய்த ஜனங்கள் மில்லுக்கு வந்தார்கள். துக்கத்துக்கும் பஞ்சமில்லை. 1946 ஜனவரி 8-ல் சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். பருத்தி, மின்சாரம், துக்கம் எல்லாம் இங்கும் உண்டு. பையன்கள் மட்டும் சிகாகோவின் துக்கத்தைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

சிகாகோ பாணியைப் பாடுவது தப்பென்று சொல்லமாட்டேன். ஷில்லாங்கில் 2003-ல் ருடி வாலாங்கும் டிப்ரிட்டி கார்பங்காரும் தொடங்கிய 'சோல்மேட்' குழு, புளூஸையே பாடி 2007-ல் மெம்பிஸ் நகரத்துச் சர்வதேசப் போட்டிவரை போய் வந்தது. ஆனால் சென்னையில் 2018 ஜனவரி 6 அன்று மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வேறு வழியில் போயிற்று. சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்த்த குழு அது. பத்தொன்பது பேர், அவர்களில் ஒரே பெண், கானா பாடும் இசைவாணி. அயோத்திதாச பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ராக்கும் ராப்பும் பக்கத்தில் நிற்க, கானா நடுவில் வந்து உட்கார்ந்தது. தங்கள் தெருவின் துக்கத்தைத் தங்கள் தெருவின் தமிழில் பாடினார்கள். புளூஸ்காரர்கள் செய்ததும் அதுதானே?

இதையெல்லாம் அண்ணன் மகனிடம் சொன்னேன்.

"நம்ம ஊட்டுல அந்த மாதிரிப் பாட்டு எங்கீங்க சித்தப்பா இருக்குது?"

கீழே திண்ணையில் என் தாயார் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன் உடுமலைப் பக்கத்துக் கரிசலில் அயலார் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவள். நாங்கள் படித்து உத்தியோகத்துக்கு வந்த பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நானும் எடுத்ததில்லை. அன்று பேரனை அழைத்துப் போய் அவள் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"அதெல்லாம் ஒரு பாட்டா கண்ணு?" என்று வெட்கப்பட்டாள். அப்புறம் மெல்லிய குரலில் இரண்டு வரி பாடினாள். நின்றுவிட்டாள்.

"மேல வரமாட்டேங்குது. கூடப் பாடுனவளுக ஒருத்தியும் இப்ப இல்லியே..."

அவன் கிதாரை மடியில் வைத்துக்கொண்டான்.

"பரவால்லீங்க அப்பத்தா. அந்த மொத வரியவே இன்னொருக்காப் பாடுங்க."